விரல் காக்கும் ஒளித்திரை

உலோகத் தகட்டை அமுக்கி வளைக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குக் கவனம் ஒரு கணம் பிசகினாற் போதும், விரல் போய்விடும். இதற்குப் பரிகாரமாக ஜேர்மனியரான எர்வின் சிக் 1952ஆம் ஆண்டில் ஓர் ஒளித்திரையைக் காட்சிக்கு வைத்தார். கை குறுக்கிட்டு ஒளி மறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும். (நடுவில் நிற்கவியலாத பழைய இயந்திரங்களுக்கு இது உதவாது.)

இன்று ஒளியுணரிச் சந்தையில் அவர் நிறுவிய கம்பனியோடு யப்பானின் கீயென்ஸ், ஓம்ரோன் ஆகியனவும் போட்டியிடுகின்றன. போத்தல்களை எண்ணும் உணரி தன் விலையைத் தானே உழைத்துத் தந்துவிடும். முதலாளி தயங்காது வாங்குவார். விரல் காக்கும் திரையோ உற்பத்தியைப் பெருக்குவதில்லை. ஆதலால் அதனைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது என்பதே நம் கருத்து. ஐரோப்பிய நாடுகள் 1989இல் இயந்திரப் பாதுகாப்புக்கென வகுத்த பொதுவிதி நடைமுறைக்கு வந்தபின், தக்க காப்பற்ற புதிய இயந்திரத்தை அங்கு விற்பதே சட்டவிரோதமாயிற்று.