பீடியை விடச் செய்வது யார்?

பழனியிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையிலுள்ள நெய்க்காரப்பட்டி, கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்போன ஊர். அதன் ஜில்லாத் தலைநகரமான திண்டுக்கல்லோ, பூட்டுக்கு எவ்வளவு பேர்போனதோ அவ்வளவு புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர்போனது. புகையிலை விளைந்து விலையாகும் ஜில்லாவில் அதை விட்டுவிடும்படி ஜனங்களிடம் சொல்வது எளிதன்று. ஆயினும் சொல்லியே தீரவேண்டும். சொல்ல வேண்டியவர் யார் என்பதே நமது கேள்வி.

2016-17-ல் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு ரூபத்தில் புகையிலையை உபயோகித்து வந்தனர். சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2-ந் தேதி முதல் பொது இடங்களில் புகைப்பது தேசமெங்கும் தடுக்கப்பட்டது. பெட்டிகளின்மேல் பயங்கரமான படங்களும் அச்சாகின்றன. இவை நல்லவையே. ஆனால் பீடியை விட்டவனுக்கு மூன்றாம் நாள் எரிச்சல் மூண்டு, தூக்கம் கெட்டு, கை தானாகவே சட்டைப்பையைத் தேடும்போது, சட்டமும் படமும் துணைக்கு வருவதில்லை. நிகோடின் என்னும் வஸ்து மூளையைப் பழக்கிவிட்டதால் விளையும் அவஸ்தை அது. அதை மனவுறுதியின்மை என்று இகழ்வது அறியாமை. சில வாரங்களில் அது தணிந்துவிடும். பலர் பலமுறை விட்டு, மறுபடி பிடித்து, அதன் பிறகே அடியோடு விடுகின்றனர். ஆகவே ஒருநாள் உபதேசம் போதாது. மறுபடியும் மறுபடியும் வந்து விசாரிக்கும் ஒருவர் வேண்டும்.

அத்தகையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி ஆரம்பமான 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் பொறுப்பு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். யார் வீட்டில் யார் இருமுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். மருந்தை நீட்டும் அதே கையால் பீடிக்கட்டையும் சுட்டிக்காட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவன் புகைப்பது எரியும் கூரையில் எண்ணெய் வார்ப்பதாகும். விட்டுவிட்டால், ஓராண்டுக்குள் மாரடைப்பு அபாயம் பாதியளவு குறையும்.

ஊர்ப் பெண்களால் இது ஆகுமா என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல் ஜில்லாவே பதில் சொல்லும். 2000-ல் தொடங்கி, பயிற்சி பெற்ற நர்ஸுகள் இந்த ஜில்லாவின் கிராமங்களில் 31,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தார்கள். அக்கிராமங்களில் அந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்ததென்று 2007-ல் வெளியான முடிவு உலகுக்கு அறிவித்தது.

வெளிதேசத்து உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளில் வயது வந்தோரில் சரிபாதிப்பேர் 2004-05-ல் தினமும் புகைத்தனர். அக்குடிகளிலேயே பிறந்த ஊழியர்களைக் கொண்டு அவர்களிடையே வேலை செய்யும் திட்டம் 2010-ல் அங்கு தொடங்கியது. 2018-19-ல் அத்தொகை நூற்றுக்கு 40 அளவுக்கு இறங்கிற்று. வரியும் சட்டமும் இதற்கு உதவின என்பது மெய்யே. ஆயினும் தன் இனத்தான் வாயிலிருந்து வரும் சொல்லுக்குள்ள வலிமை அரசாங்க விளம்பரத்துக்கு இல்லை.

ஆகவே நாம் கோருவது இது: பழனி மலைப் பளியர் குடிசைகள் முதல் நெய்க்காரப்பட்டித் தெருக்கள் வரை, புகையிலையைப் பற்றி விசாரிப்பதை இவ்வூழியர்களின் அன்றாடக் கடமையாக்க வேண்டும். அதற்குரிய பயிற்சியும், அதற்கேற்ற ஊதியமும் தரவேண்டும். புகையை விட உதவும் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கவேண்டும். சொற்ப ஊக்கத்தொகையைக் கொடுத்துப் பெரும் பாரத்தைச் சுமத்துவது நியாயமன்று. புகையிலை பயிரிடுவோரும் பீடி சுற்றுவோரும் பிழைக்க மாற்று வழி காண்பதும் சர்க்காரின் பொறுப்பே. அந்த ஏழைகளின் பிழைப்பைச் சாக்காக்கி மற்ற ஏழைகளின் நெஞ்சைக் கருக விடலாகாது.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் ஒருத்தி வந்து புத்தி சொல்வதா என்று முறுக்கும் ஆண்களைத் திருத்துவது உங்கள் வேலை. கூட்டம் முடிந்ததும் டீக்கடை வாசலில் பற்றவைக்கும் பீடியை முதலில் நீங்கள் எறியுங்கள். மறுநாள் அந்தச் சகோதரி தெருவில் வரும்போது, அவளுடன் நாலு வீடு நடந்து செல்லுங்கள்.