‘காப்பி’ என்று சொல்வதற்கு முன்

வெள்ளிக்கிழமை புதுப்படம் திரைக்கு வந்தால், சனிக்கிழமை காலைக்குள் நேயர்களின் குரல்பதிவுகள் புலனத்தில் குவிந்துவிடும். “இது அந்தக் கொரியப் படம்தானே?” என்பார் ஒருவர். “விசு அப்பவே எடுத்துட்டாரு லா!” என்பார் இன்னொருவர்.

பெரிய நடிகர்களின் படங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அம்பாங்கிலும் கிள்ளானிலும் வார இறுதியில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, கைக்காசைப் போட்டுக் குறும்படம் எடுக்கும் நம் பிள்ளைகள் மீதும் இதே சொல்தான் விழுகிறது. யூடியூபில் ஏற்றிய அன்றே, கீழே ஒரு கருத்து: ‘காப்பி’. ஆகவே இந்த வாரம் அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் ‘பாரசைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது நினைவிருக்கும். சில நாள்களிலேயே, அது விஜய் நடித்த ‘மின்சார கண்ணா’வின் கதை என்று பேச்சுக் கிளம்பியது. கே.எஸ்.ரவிகுமார் இயக்கி 1999-இல் வந்த அந்தப் படத்தின் உரிமை தம்மிடம் இருப்பதாகச் சொன்ன தயாரிப்பாளர் பி.எல்.தேனப்பன், வழக்குத் தொடுக்கப்போவதாகவே அறிவித்தார்.

உறவை மறைத்துக்கொண்டு ஒரு குடும்பமே பணக்கார வீட்டுக்குள் வேலைக்கு நுழைவது இரண்டு படங்களிலும் உண்டு. அதற்கு மேல் என்ன ஒற்றுமை? இங்கே நுழைவது காதலில் ஜெயிக்க, அங்கே வயிற்றுப்பாட்டுக்கு. அந்த மாளிகைக்கு அடியில் இன்னோர் ஏழை ஒளிந்திருப்பதும், மழை கொட்டினால் கதாநாயகன் வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுவதும் ‘மின்சார கண்ணா’வில் ஏது? நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்த படம் ஒன்று. முடிந்த பிறகும் தொண்டையில் நிற்கிற படம் மற்றொன்று.

இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1978-லேயே பதில் சொல்லியிருக்கிறது. ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்றொரு நாடகம் எழுதி மேடையேற்றியிருந்தார். ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராஸிக் குடும்பமும் பிள்ளைகளின் காதலால் மோதிக்கொள்ளும் கதை. 1956-இல் கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். படத்தின் இயக்குநர் மோகன் சேகலுக்குத் தாம் முன்பே நாடகத்தை வாசித்துக் காட்டியதாகச் சொல்லி ஆனந்த் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போயும் அவர் தோற்றார்.

நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதை வளர்த்துச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, ‘பின்னால் வந்தது முன்னதன் நகல்தான்’ என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். ‘நியூ டெல்லி’ வரதட்சணைக் கொடுமை போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டு வேறு வழியில் போயிருந்தது.

நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வந்தது. ஏழு மாதம் கழித்து பா.ரஞ்சித்தின் ‘கபாலி’ வந்தது. தோட்டத்து வாழ்க்கை, அங்கிருந்து பெயர்ந்த நம் மக்கள், குண்டர் கும்பல் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் ‘ஜகாட்’ 1990-களின் தொடக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் எப்படி வழிதவறுகிறான் என்று பார்க்கிறது. ‘கபாலி’யோ 25 ஆண்டுகள் சிறையிலிருந்து திரும்பிய தாதாவின் பின்னால் போகிறது. இரண்டும் எடுத்துக்கொண்டது நாம் வாழ்ந்த வாழ்க்கையை. அதற்கு யார் உரிமைத்தொகை கேட்பது?

சரி, கரு பொது என்றால் யார் வேண்டுமானாலும் யாருடையதையும் எடுத்துக்கொள்ளலாமா? இங்கேதான் ‘சர்கார்’ ஞாபகம் வருகிறது. ஒருவரின் வாக்கை வேறொருவர் போட்டுவிட, அவர் நியாயம் கேட்டுக் கிளம்புவதுதான் 2018 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தின் தொடக்கம். வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர், ‘செங்கோல்’ என்ற பெயரில் இந்தக் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 2007-லேயே பதிவு செய்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ், இரண்டும் ஒத்திருப்பதாகச் சொன்னார். இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸ் அதை மறுத்தார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போய், படம் வெளியாகும் முன் சமரசத்தில் முடிந்தது. வருணைக் குறிப்பிட்டுப் படத்தில் ஓர் அறிவிப்பு வந்தது.

சமரசமாகிவிட்டதால், எவ்வளவு ஒத்திருந்தது என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். வருணிடம் அந்தப் பதிவு மட்டும் இல்லாதிருந்தால், விஜய் படத்துக்கு எதிரே ஒரு புதியவரின் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டிருப்பார்கள்?

முறையாகக் கேட்டு வாங்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மலையாள ‘த்ரிஷ்யம்’ தமிழில் ‘பாபநாசம்’ ஆனது நமக்குத் தெரியும். 2019-இல் சீன மொழியிலும் அது மறுபடமானது. இயக்கியவர் நம் பினாங்குக்காரர் சேம் குவா. கதை ஒன்றேதான், யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. உரியவரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

எனவே அடுத்த முறை ‘காப்பி’ என்று தட்டச்சு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கரு மட்டும் ஒன்றா, காட்சிகளின் வரிசையும் ஒன்றா? கதைக்குத் தேவையே இல்லாத சின்னச் சின்ன விவரங்கள்கூட ஒத்துப்போகின்றனவா? பின்னால் எடுத்தவருக்கு முதல் கதை கையில் கிடைக்க வாய்ப்பு இருந்ததா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தாராளமாகக் கேளுங்கள். எல்லாப் படத்தையும் திருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தால், நிஜமாகவே கதையைப் பறிகொடுத்தவர் கத்தும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமும் வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு தருவதில்லை. மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி சொன்ன ஒரு வரிக் கதையை வைத்துக்கொண்டு பிறகு ஒன்றும் செய்ய முடியாது. காட்சி காட்சியாக எழுதுங்கள், தேதி போடுங்கள். யாருக்கு அனுப்பினாலும் மின்னஞ்சலில் அனுப்பி, அதைப் பத்திரப்படுத்துங்கள். எழுதி முடித்த படைப்பை, சத்தியப் பிரமாணத்தோடு மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓ-வில் அறிவித்துப் பதிந்துகொள்ளும் வசதி 2012 முதல் இருக்கிறது. கட்டாயமில்லை, எழுதிய நொடியே உரிமை உங்களுடையதுதான். ஆனால் தகராறு என்று வந்தால், அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

உங்கள் கதையைப் போலவே இன்னொரு படம் வந்துவிட்டது என்று எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். அதை நீங்கள் சொல்லும் விதம் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் சந்திப்போம்.