படிப்பு எடுத்துக்கொண்ட ஆண்டுகள்

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு, மகாவலிக் கரைக்குக் குடிவந்தது. அடுத்த ஆண்டே குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியது. ஒன்று பெண்ணுக்குப் பட்டத்தைக் கொடுத்தது, மற்றது பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் வழியைக் கொடுத்தது. இரண்டும் பெரிய கொடைகள். 1942இல் பத்து மாணவரில் ஒருவரே பெண். இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பெண்கள்.

பிள்ளை வேண்டும் என்று ஏங்கியவளை மட்டும் அந்த வரலாறு அதிகம் கவனிக்கவில்லை. 1965 முதல் அரசு குடும்பத் திட்டத்தைத் தன் வேலையாக ஏற்றது. 1980இல் கருத்தடைச் சத்திர சிகிச்சைக்கு ஊக்கப்பணம் வந்து, பிறகு 500 ரூபாயானது. கண்டியைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில், லயன் அறைப் பெண்களிடம் பெற்ற சம்மதம் எவ்வளவு உண்மையானது என்பது இன்றும் ஆறாத கேள்வி. அந்தத் தோட்டங்களிலிருந்தே ஒரு தலைமுறைக்குப் பின் மகள்மார் பேராதனைக்கு வந்தார்கள், முதுமாணி முடித்து ஆய்வுக்கும் போனார்கள்.

அவர்களிடமிருந்து போன ஆண்டுகள் எல்லாமே அவர்கள் செலவழித்தவை அல்ல. உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு அனுமதிக்கான காத்திருப்பு. 1987 முதல் 89 வரையான கிளர்ச்சியில் நீண்ட மூடல்கள். 2012இல் மாதக்கணக்கில் விரிவுரையாளர் வேலைநிறுத்தம். பிறகு பெருந்தொற்று, 2022இன் எரிபொருள் வரிசை. நான்காண்டுப் பட்டம் ஆறாண்டுக்கு நீளும். கலாநிதிப் பட்டம் கைக்கு வரும்போது வயது முப்பத்தைந்தை எட்டிவிடும். கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையத் தொடங்குவது அந்த வயதில்தான். நாடு அவளிடம் எடுத்த ஆண்டுகளுக்கு நாடு பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் பொதுச் சுகாதாரத்தின் பெருமை குடும்ப நல மருத்துவிச்சி. ஆனால் அவருடைய பதிவேடு வீட்டையும் குடும்பத்தையும் வைத்து எழுதப்படுவது. விடுதியிலோ வாடகை அறையிலோ இருக்கும் ஆய்வு மாணவி அதில் எளிதில் தவறிவிடுவாள். கருவளச் சிகிச்சை என்பதோ மாதவிடாயின் குறிப்பிட்ட நாட்களில் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. ஆய்வுகூட வேலை அந்த நாட்களைப் பார்த்து வருவதில்லை. பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரில் ஆணிடமும் காரணம் இருக்கும் என்று மருத்துவம் சொல்கிறது, இருந்தும் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி அவளிடம்தான் வரும். கண்டி பத்தினி தேவாலயத்தில் நேர்த்தி வைப்பதும் அவள்தான். அந்த நேர்த்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். பல பெண்களுக்குக் கூச்சமின்றிப் போய்ச் சொல்லக்கூடிய ஓரிடம் அது.

சோதனைக்குழாய் முறை நம் நாட்டில் பெரும்பாலும் கொழும்பின் தனியார் மருத்துவமனைகளைச் சார்ந்தே வளர்ந்தது. உதவித்தொகையில் படிப்பவளுக்குக் கண்டியிலிருந்து 115 கிலோமீட்டர் பயணம் ஒருபுறம், கட்டணம் மறுபுறம். அரச ஊழியப் பெண்ணுக்கு 84 வேலைநாள் பிரசவ விடுமுறை உண்டு. மாணவியாக மட்டும் இருப்பவளுக்கு அந்த விதி பொருந்தாது.

1980 முதல் பேராதனையில் போதனா வைத்தியசாலை இருக்கிறது, மருத்துவ பீடம் அதற்கும் பழையது. மாலையிலும் சனிக்கிழமையிலும் தம்பதியர் வரக்கூடிய கருவள கிளினிக், அரச செலவில் சோதனைக்குழாய் சிகிச்சை, சிகிச்சைக் காலத்துக்கு ஆய்வேட்டுக் காலநீட்டிப்பு ஆகிய மூன்றும் பட்டப்பின் மாணவியருக்குக் கண்டியிலேயே கிடைக்க வேண்டும். ஒரு காலத்தில் கருத்தடைக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்த திறைசேரிக்கு இதற்கும் ஒதுக்கத் தெரியும்.