பழுப்பு நிலக்கரி நகரில் ஒரு செய்தித் தேடல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். விசாரிக்கப் புறப்பட்டவனுக்கு விடை சொல்ல ஆள் கிடைக்கவில்லையெனில் மெய்யை எங்ஙனம் காண்பது? இவ்வினாவை நம்முன் வைத்தவர் இதழியல் பயிலும் ஒரு மாணவர். நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர். பயிற்சிக்கெனச் செய்திக் கட்டுரையொன்று எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, ஒப்பந்தத் தொழிலாளரின் பணிப் பாதுகாப்பையே பொருளாகத் தேர்ந்தார். மூன்று வாரம் அலைந்தார். குறிப்பேட்டில் ஒரு பெயரும் ஏறவில்லை. "ஐயா, எல்லோரும் பேசுகிறார்கள்; எழுதாதே என்கிறார்கள்" என்று அவர் கூறியபோது, அவருடைய சோர்வு நம்மையும் பற்றிக்கொண்டது.

இம்மாணவர் தேர்ந்த பொருள் சிறியதன்று. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே நெய்வேலியின் வரலாற்றுக்குத் தோற்றுவாய். 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1962இல் முதல் அனல் மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அந்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதே ஆண்டில்தான் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் மே 7ஆம் நாளும் ஜூலை 1ஆம் நாளும் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 பேர் மாண்டனர். மருத்துவமனையில் மாண்டோரைச் சேர்க்க அவ்வெண்ணிக்கை பின்னர் உயர்ந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காக நெற்பயிர் அழிக்கப்பட்ட காட்சியை நாடே கண்டது. ஆகவே இங்கு எழுதப்படும் ஒவ்வொரு வரியின் பின்னும் ஓர் உயிரோ ஒரு வயலோ நிற்கின்றது.

அங்ஙனமாயின் மக்கள் ஏன் வாய் திறப்பதில்லை? அவர்களைக் கோழைகள் என்று கருதுவது பெரும்பிழை. பொதுத்துறை நிறுவனங்களின் நிரந்தர ஊழியர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். முன் அனுமதியின்றி இதழ்களுக்குப் பேச இயலாதவர். ஒப்பந்தத் தொழிலாளருக்கோ விதியைவிட அச்சமே பெரிது. அடுத்த ஒப்பந்தத்தில் தம் பெயர் இராது என்னும் எண்ணமே அவர் நாவைக் கட்டிவிடும். நகரிய வாழ்க்கையின் இயல்பும் ஒரு காரணமாகும். குடியிருக்கும் வீடும் பிள்ளை படிக்கும் பள்ளியும் நோய்க்குச் செல்லும் மருத்துவமனையும் ஒரே இடத்தைச் சார்ந்திருக்கும் ஊரில், அண்டை வீட்டாரும் அளந்தே பேசுவர். நிலமிழந்த சிற்றூர்களிலோ வேறு நிலைமை. வந்து கேட்டுச் சென்றோர் பலர்; திரும்பி வந்தோர் சிலர். சொல்லிச் சொல்லிச் சலித்த மனிதரிடம் மாணவன் மீண்டும் கேட்கும்போது, அவர் கதவைச் சாத்துவதில் வியப்பில்லை.

எனினும் நம் மாணவரிடத்தும் ஒரு குறை உண்டு. செய்திக்குச் சான்று என்றால் வாய் திறந்து பேசும் மனிதர் மட்டுமே என்று அவர் எண்ணிவிட்டார். எழுத்தும் சான்றே. வேலைக்கு அஞ்ச வேண்டாத சான்று அது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் ஆண்டறிக்கை வெளியிட்டே ஆக வேண்டும். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எழுப்பும் வினாக்களும் அமைச்சர் விடைகளும், கணக்குத் தணிக்கையாளர் அறிக்கைகளும், உயர்நீதிமன்றத் தீர்ப்புகளும் எவரும் காணக்கூடியவை. சுற்றுச்சூழல் அனுமதிக்காக 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடைபெறும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன், திட்ட அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் வைக்கப்படுதல் வேண்டும். எந்த அலுவலகத்தை அணுகுவது என்ற தெளிவும் தேவை. சுரங்கத்தில் நேர்ந்த விபத்தாயின் நடுவண் அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். மின் நிலையத்தில் நேர்ந்ததாயின் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் கொதிகலன்கள் இயக்ககமும். இவ்வேறுபாட்டை அறியாதவன் ஓராண்டு அலைந்தாலும் தவறான வாயிலில்தான் நிற்பான்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாணவர் கையில் உள்ள சிறந்த கருவியாகும். இதழாளர் அடையாள அட்டை அதற்குத் தேவையில்லை. இந்தியக் குடிமகனாக இருத்தல் போதும். நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனத்துக்கும் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று வினவும் உரிமை அலுவலருக்கு இல்லை. 30 நாளில் விடை வராவிடினும், வந்த விடை போதாவிடினும் மேல்முறையீடு செய்யலாம். வணிக இரகசியம் என்றோ விசாரணை நிலுவையில் உள்ளது என்றோ சில தகவல்கள் மறுக்கப்படக்கூடும். பொதுநலன் மேலோங்குமாயின் அவற்றையும் தரலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. ஆனால் மூன்று வாரத்தில் கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய மாணவனுக்கு 30 நாள் எங்ஙனம் போதும்? பருவத்தின் முதல் வாரத்திலேயே பொருளைத் தேர்ந்து விண்ணப்பித்துவிடல் வேண்டும் என்பதே நம் கருத்து. நம் பாடத்திட்டமும் அதற்கேற்ப அமைதல் நன்று.

காகிதம் கைக்கு வந்தபின் மனிதரிடம் செல்லட்டும். விவரம் அறிந்து வருபவனை மக்கள் மதிப்பர். 'என்ன நடந்தது?' என்று கேட்பவனுக்குக் கிடைக்காத விடை, 'இந்த ஆவணம் இவ்வாறு கூறுகிறதே, சரிதானா?' என்று கேட்பவனுக்குக் கிடைக்கும். பெயரை மறைக்கும்படி ஒருவர் வேண்டினால், அவ்வாக்கு அமானிதமாகும். இதழாளர் தமக்குத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்று 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம் கூறுவது, அம்மன்றத்தின் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும். பிற நீதிமன்றங்களில் அத்தகைய முழுக்காப்பு நம் நாட்டில் இல்லை. எனவே காக்க இயலாத வாக்கைக் கொடுத்தலாகாது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுப் பணிப்பிரிவையும் குடியிருக்கும் வட்டத்தையும் எழுதிவிட்டால், நெய்வேலி போன்ற ஊரில் அது முகத்தையே அச்சிட்டதற்கு நிகர்.

மறைந்து பேசுபவரின் சொல்லை இன்னொரு சான்றால் உறுதி செய்யாமல் எழுதுதலும் தகாது. நபிமொழியைத் தொகுத்த அறிஞர்கள், சொல்லை ஏற்குமுன் அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தனர். ஒவ்வொருவரின் வாய்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டனர். செய்தி எழுதும் மாணவனுக்கு இதனினும் சிறந்த பயிற்சி உண்டோ?

"ஊருக்கு ஒளியும் பலருக்குச் சோறும் தரும் நிறுவனத்தை மாணவர் ஏன் துருவ வேண்டும்?" என்று பெரியோர் சிலர் கேட்கலாம். அவர்தம் நன்றியுணர்வை நாம் மதிக்கிறோம். ஆயினும் வினவுதல் பழித்தல் ஆகாது. நிறுவனத்தின் விளக்கத்தையும் எழுத்தில் கேட்டுப் பெற்று, சிதைக்காமல் வெளியிடுவது மாணவனின் கடமை. விபத்துக்குப்பின் பாதுகாப்பு மேம்பட்டிருப்பின் அதையும் அவனே எழுதட்டும். ஒருவரும் வினவாத ஊரில் வதந்தியே செய்தியாகிவிடும். அதனால் நிறுவனத்துக்கும் நன்மையில்லை, தொழிலாளிக்கும் நன்மையில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவனைத் தனியே அனுப்பாதீர்கள். துறையின் முத்திரையிட்ட கடிதம் ஒன்று அவன் கையில் இருக்கட்டும். சிக்கல் வந்தால் நாம் பின்னிற்போம் என்ற உறுதி அவன் நெஞ்சில் இருக்கட்டும்.

பெரியோர்களே! சுரங்கத்துக்காக முதன்முதலில் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். எந்த ஆவணத்திலும் ஏறாத கிணறுகளும் தோப்புகளும் தெருக்களும் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களை நீங்கள் அறிவீர்கள், மாணவர்கள் அறியார். கைப்பிடித்து அழைத்துச் சென்று, "இவன் நம் பிள்ளை, நம்பிப் பேசலாம்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். மூடிய கதவைத் திறக்க அதனினும் வலிய திறவுகோல் இல்லை.

நம் மாணவர் கட்டுரையை இன்னும் முடிக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் தம் முதல் தகவல் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டார். விடை வரும் நாளை அவரோடு நாமும் எதிர்நோக்கியிருக்கிறோம்.