ரோஸ் கலர் யார் கேட்டது?

பஞ்சு மிட்டாய் என்ன நிறம்? வெள்ளை சார், வெள்ளை! சர்க்கரையை உருக்கி, சுற்றுகிற சட்டியின் பொடி ஓட்டை வழியாக விட்டால் வருவது வெள்ளை நூல்தான். 1897-ல் இந்த மெஷினைக் கண்டுபிடித்த இரண்டு அமெரிக்கர்களில் ஒருவர் மிட்டாய்க்காரர். இன்னொருவர், சத்தியமாகச் சொல்கிறேன், பல் டாக்டர். ரோஸ் நிறம் அப்புறம் நாம் ஆசைப்பட்டுச் சேர்த்தது. வெள்ளையாக நீட்டினால் 'கலர் இல்லையாப்பா?' என்று கேட்கிறவர்கள் நாம்தானே?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரி, அடுத்த வாரமே தமிழ்நாடு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டன. சோதனையில் சிக்கியது ரோடமைன்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம். உணவில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. கல்லீரலுக்குக் கேடு, புற்றுநோய் அபாயம் என்கிறார்கள். தடை சரிதான். அதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு வேறு. கடலூர் சில்வர் பீச்சிலும், சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் கம்பு நிறைய பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு மணி அடித்து வருகிறானே, அவனைப் பிடிப்பது சுலபம். ஓடவும் மாட்டான். பெரும்பாலும் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன். தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் அந்தப் பொடி அவன் வீட்டு மரத்தில் காய்த்ததா? எவனோ ஒருத்தன் பொட்டலம் கட்டி விற்றான். கேட்டால், 'துணிக்குன்னு நினைச்சேன் சார்' என்பான். தீர்ந்தது கேஸ்!

நான் படித்தது பி.காம். சரக்கில் கோளாறு என்றால் எங்கள் வாத்தியார்கள் முதலில் கேட்கச் சொன்னது பில்லைத்தான். மிட்டாயைப் பறிமுதல் செய்கிறீர்கள், சரி. பொடி வாங்கிய பில் எங்கே? பில் போடாமல் விற்ற கடை எது?

இத்தனைக்கும் நம் சட்டம் நிறத்துக்கு எதிரியே அல்ல. உணவில் சேர்க்க எட்டு செயற்கை நிறங்களை அனுமதிக்கிறது. பொன்சோ 4ஆர், கார்மோசின் போன்ற சிவப்புகளும் அதில் உண்டு. அளவு, ஒரு கிலோ மிட்டாய்க்கு 100 மில்லிகிராமுக்குள். இதை அந்தப் பையனுக்குப் புரிகிற பாஷையில் யாராவது சொன்னோமா?

கர்நாடகம் 2024 மார்ச்சில் பஞ்சு மிட்டாயோடு நிற்கவில்லை. கோபி மஞ்சூரியனில் கலர் சேர்ப்பதற்கும் தடை போட்டது. விஷம் மிட்டாயில் இல்லை, பொடியில் இருக்கிறது என்று புரிந்தால் அப்படித்தான் செய்யத் தோன்றும். இன்றைக்கு மிட்டாயில் பிடித்தால் நாளைக்கு அதே பொடி சர்பத்தில் வரும், கல்யாண வீட்டுக் கேக்கில் ரோஜாப்பூவாகப் பூக்கும்.

ஆகவே, சாயப் பொடியைச் சில்லறையில் விற்கிறவன் 'உணவுக்கல்ல' என்று தமிழில் அச்சடிக்கட்டும், பில் போடட்டும். மிட்டாய்க்காரனுக்குப் பதிவும் பயிற்சியும் கொடுத்து பீச்சுக்கு அனுப்புங்கள். அவன் வெள்ளையாக நீட்டினால் நாமும் முகம் சுளிக்காமல் வாங்குவோம். சர்க்கரைக்கு ஏது சார் கலர்?