எங்க, ரொம்ப நாளா ஆளையே காணோம்?

பதினாறு வயதில் கூட்டாளிகளோடு போய் ராத்திரியில் பேரிக்காய் திருடிய ஒருவர், நாற்பதைத் தாண்டிய பிறகு அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினால், ‘இதெல்லாம் ஒரு பாவமா?’ என்றுதான் கேட்கத் தோன்றும். எழுதியவர் புனித அகுஸ்தினார். 354இல், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமலே ஒரு பெண்ணோடு வருடக்கணக்கில் வாழ்ந்து பிள்ளை பெற்றவர். அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் ‘அறிக்கைகள்’ நூலின் இரண்டாம் பாகத்தில் அவர் விடாமல் கிளறுவது அந்தப் பேரிக்காய்களைத்தான்.

திருடியது பசிக்காக இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழமே இருந்தது. மரத்தை உலுக்கி அள்ளி வந்து, பேருக்கு ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு, மிச்சத்தைப் பன்றிகளுக்கு வீசினார்கள். செய்யக் கூடாது என்பதாலேயே அது இனித்தது. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொள்கிறார். பாவத்தைப் பற்றிக் கேட்ட எத்தனையோ பிரசங்கங்கள் மறந்துவிட்டன. இந்தத் திருட்டு மறப்பதில்லை.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியஸ் என்ற துறவிக்கு அகுஸ்தினாரின் போக்கு பிடிக்கவில்லை. நீ கட்டளையிடுவதைச் செய்யும் வலுவையும் நீயே கொடு என்று அவர் இறைவனிடம் மன்றாடும் இடத்தை யாரோ வாசிக்க, பெலாஜியஸ் கொதித்துப் போனார். அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே கிடையாதா? சுயசித்தத்தைக் கடவுள் எதற்குக் கொடுத்தார்? மனது வைத்தால் பாவம் செய்யாமல் இருக்கலாம் என்பது அவர் கட்சி. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதைக் கண்டித்தார்கள். எனக்குப் பெலாஜியஸ் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. தப்பையெல்லாம் ‘பலவீனம்’ என்று சொல்லித் தட்டிக்கழித்த ரோமானியக் கிறிஸ்தவர்களைப் பார்த்து அலுத்துப் போய்ப் பேசியவர் அவர். ஆனால் குடியை விட முயன்று தோற்ற ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அகுஸ்தினார் பக்கம்தான் சாய்வார்கள். கட்டுண்டு கிடப்பதே மனதுதான். அந்த மனதை எப்படி வைப்பது? 1524இல் எராஸ்முஸும் மறு வருடம் லூத்தரும் இதே வழக்கை மறுபடி நடத்தினார்கள்.

இந்த வாதங்களைவிட லூக்கா 15ஆம் அதிகாரம் எனக்குக் கிட்டத்தில் இருக்கிறது. காணாமல் போன ஆட்டைத் தேடி மேய்ப்பன் போகிறான். அதே அதிகாரத்தில் ஊதாரி மகனைத் தேடி யாரும் போகவில்லை. ஆடு தவறிப் போனது. இவன் பங்கு பிரித்து வாங்கிக்கொண்டு போனவன். தகப்பன் தடுக்கவும் இல்லை, பின்னால் ஆள் அனுப்பவும் இல்லை. பன்றி மேய்க்கிற இடத்தில் புத்தி வந்து, அவனேதான் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. என்ன பேசுவது என்று மனதுக்குள் தயார் செய்துகொள்கிறான். கூலிக்காரனாகவாவது வைத்துக்கொள்ளும் என்று முடிப்பதாக ஏற்பாடு. அந்தக் கடைசிப் பேச்சு வாயிலிருந்து வரவே இல்லை. தூரத்தில் கண்டதுமே ஓடி வந்த தகப்பன், அவனைப் பேசி முடிக்க விடாமல், அங்கி கொண்டு வா, மோதிரம் கொண்டு வா, செருப்புப் போடு என்று வேலைக்காரர்களை விரட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். லூக்காவில் மூத்தவன் இன்னும் பாக்கி. வயலிலிருந்து வந்து, ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தனக்குக் கொடுத்ததில்லை என்று வாசலில் நின்று கணக்குப் பேசுகிறான். தகப்பன் வெளியே வந்து அவனிடமும் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா என்று சொல்லாமலே இயேசு நிறுத்திவிடுகிறார். பாவிகளோடு பந்தியில் உட்காருகிறாரே என்று முணுமுணுத்த பரிசேயர்களுக்குச் சொன்ன கதை அது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நமக்கும் அதில் இடம் மூத்தவன் பக்கத்தில்தான்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அதனால் பெரிய வெள்ளி வாரத்தில் வரிசை நீளும். வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்களும் வந்து கடைசியில் நிற்பார்கள். அவர்களிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி, “எங்க, ரொம்ப நாளா ஆளையே காணோம்?” என்பதுதான். அக்கறையில் கேட்பதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். வாசலில் நின்று மூத்தவன் பேசிய அதே கணக்குதான் இதுவும். இந்த வருடம் தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், போதும்.