பேர் போடாத நாள்

பாடசாலை விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது அம்மா வாசலுக்கு வந்து கேட்டார்: "யாருக்குப்பா சொகமில்ல?"

ஒருவருக்கும் ஒன்றுமில்லை, சும்மா டவுன் பக்கம் போய் வருகிறேன் என்றேன்.

"சும்மாவா?"

அவர் கேட்டதில் பிழையில்லை. எங்கள் லயத்தில் ஒருவர் வேலைநாளில் தனியாகக் கிளம்பினால் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், அடகுக்கடை இருக்க வேண்டும், கச்சேரியில் அடையாள அட்டை அலுவல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு தோட்டத்தில் சாவு விழுந்திருக்க வேண்டும். ஐந்தாவது காரணம் என்று ஒன்றை அம்மா தன் அறுபத்தெட்டு வயதில் கேள்விப்பட்டதில்லை.

இந்த இதழின் தலையங்கம் அந்த ஐந்தாவது காரணத்தைப் பற்றியது.

கடந்த சில மாதங்களில் எங்களுக்கு வந்த கதைகளையும் கவிதைகளையும் ஒரே மூச்சில் வாசித்தேன். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவை. எழுதியவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு கதையின் துரை அடுத்த கதைக்குள் நடந்து போகிறார். ஒருத்தி காலில் ஏறிய அட்டை இன்னொருத்தி காலிலும் ஏறுகிறது. கூடை, கொழுந்து, குளிர், இரத்தம் என்ற நாலு சொற்களும் எல்லாக் கவிதைகளிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இவை எதுவும் பொய்யில்லை. எழுதியவர் தம் கண்ணால் பார்த்ததை விட, முன்னால் வாசித்த கதைகள் பார்த்து வைத்தவை அதிகம் என்பதுதான் என் கவலை. இதைக் கண்டு எனக்குக் கோபம் வரவில்லை. இவர்களில் எத்தனை பேருக்கு, ஒன்றையும் சாதிக்காமல் ஒரு பொருளை நின்று பார்ப்பதற்கு ஒரு முழுநாள் கிடைத்திருக்கும் என்ற யோசனைதான் வந்தது.

நமக்கு நாள் என்பதே பேர். செக்ரோலில் பேர் விழுந்தால் அது நாள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை போனால் கைக்காசு. தமிழ் பேசும் வேறு எந்த ஊரிலும் ஒருநாள் கூலியைப் 'பேர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மலைக்குப் போகாதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை.

இது வெறும் பேச்சு வழக்கு மட்டுமல்ல, சட்டமாகவும் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்படி, தகுந்த காரணமில்லாமல் வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம். கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய துண்டு கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. துண்டு முறை ஒழிந்தது 1921இல். சிறைத்தண்டனையும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் நீங்கியது. நம் பாட்டன் பூட்டன் தலைமுறையில், ஒருநாள் சும்மா இருந்தவர் குற்றவாளி.

சட்டம் போன பிறகு சம்பளம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 140 ரூபாய், விலைப்பங்கு 30 ரூபாய். வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வரவு இல்லை என்றால் அந்த 140 ரூபாய் கிடையாது. ஆகவே காய்ச்சலுக்கு இரண்டு நாள், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு ஒருநாள், சாவுக்கு இரண்டு நாள் என்று போனவர், அடுத்த ஒருநாளைத் தொடுவதற்குப் பயப்பட்டார். பிறகு கணக்குகள் மாறின. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஆனால் வராத நாளின் பயம் நம் உடம்பை விட்டுப் போகவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியனாகிய எனக்கு 'ஒருநாள் வெளியே போய் வாருங்கள்' என்று எழுதுவது லேசு என்பதும் எனக்குத் தெரியும். அந்த லேசான இடத்திலிருந்துகொண்டு யாருக்கும் உபதேசம் செய்ய நான் வரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரன் 1992இல் வெளியிட்ட 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' என்ற நூலில், படைப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாக எங்காவது போய்வர வேண்டும் என்று அதை ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒன்று நமக்குக் கட்டாது. எனக்கு அதைவிட நெருக்கமானவர் வர்ஜீனியா வுல்ஃப். 1927இல் வந்த ஒரு கட்டுரையில், மாரிக்கால மாலையொன்றில் ஒரு பென்சில் வாங்க வேண்டும் என்ற சாக்கில் லண்டன் தெருக்களில் இறங்கி நடக்கிறார். வாசித்தபோது எனக்கு நம் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். டவுனுக்குப் போக அவர்களுக்கும் ஒரு பென்சில் வேண்டியிருக்கிறது: மருந்துத் துண்டு, பிள்ளையின் சப்பாத்து, கோயிலுக்கு எண்ணெய்.

சாக்கு இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்றைக்கு நான் போனது பதுளை நகரில் வைக்கப்பட்டிருக்கும் தூண் கல்வெட்டைப் பார்க்க. இருபது வருஷமாகப் பஸ்ஸில் இறங்கி ஏறும் ஊர்தான். முத்தியங்கனை விகாரையும் தெரியும், புனித மாற்கு தேவாலயமும் தெரியும். அந்தத் தூணின் முன்னால் மட்டும் நின்றதேயில்லை. கல்லெல்லாம் எழுத்து, பழைய சிங்களம். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. அரைமணி நேரம் நின்றேன். மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சிய கோடுகளை விரலால் தொடாமல் கண்ணால் தடவிக்கொண்டிருந்தேன்.

அதன் சங்கதி முன்பே வாசித்துத் தெரிந்ததுதான். பத்தாம் நூற்றாண்டில் ஹோபிட்டிகம என்றொரு சந்தைக் கிராமம் இருந்தது. அதிகாரிகள் விதியை மீறித் தங்களை வருத்துகிறார்கள் என்று வியாபாரிகளும் ஊர்க்காரர்களும், மகியங்கனைக்கு வந்த உதய மன்னனிடம் முறையிட்டார்கள். அதன்பேரில் வரிக்கும் வியாபாரத்துக்கும் விதிகள் வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். முறையான எடையும் அளவும் அல்லாதவற்றைப் பாவிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று.

அந்த ஒரு விதி என்னைப் பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சிறுவனாக அம்மாவின் படங்கைப் பிடித்தபடி நின்ற ஞாபகம் வந்தது. தராசு ஒன்று சொல்லும், கணக்கில் ஒன்று விழும். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழையே இல்லாத நாளிலும் ஈரத்துக்குக் கழித்ததுண்டு. அம்மா வாய் திறக்கமாட்டார். கூடையைத் தூக்கும்போது அவர் கழுத்து நரம்பு ஒருதரம் அசையும், அவ்வளவுதான். மடுவத்தைப் பற்றி நானே இரண்டு கதை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் சத்தம் போட்டிருக்கிறேன், அந்த நரம்பை எழுதவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு கல்லுக்கு முன்னால், வாசிக்கத் தெரியாமல் நின்றபோதுதான் அது எனக்குத் திரும்பக் கிடைத்தது.

பிற்பகல் கோச்சியில் தெமோதரை வரை போனேன். 1924இல் பதுளைக்கு வந்து முடிந்த பாதை இது. பதுளைக்கு அப்பால் தண்டவாளம் இல்லை. பதுளையிலிருந்து ஏறும் கோச்சி தெமோதரை ஸ்டேசனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுரங்கத்துக்கு மேலேயே வந்து நிற்கும். அந்தச் சுற்றில் ஜன்னலோரம் இருந்தபோது எதிர்ச்சரிவில் ஒரு லயம் தெரிந்தது. தகரக்கூரை, கொடியில் சிவப்புப் பாவாடை, பக்கத்தில் மாட்டுப்பட்டி. யாருடைய லயமோ என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது, எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கு. பதினொரு வருஷமாக அந்த லயத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அது எவ்வளவு சரிவில் நிற்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே நிற்கும்போது அந்தச் சரிவு தெரியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது ஞாபகம் வந்தது. தெமோதரை பிளாட்பாரத்தில் இறங்கி நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லவுக்குப் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஜன்னல்களில் தொங்கிப் படம் எடுத்தபடி போனார்கள்.

வழியில் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை நினைத்துக்கொண்டேன். ஹாலிஎல பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். செக்ரோலில் நம் பேரைத் தோட்டம் எழுதிய மண்ணில், தோட்டத்தின் பேரைத் தமிழ் இலக்கியத்தில் எழுதிய மனிதர் அவர். 'காலங்கள் சாவதில்லை', 'நாமிருக்கும் நாடே' என்று எழுதியவர், பிழைப்புக்குக் கொழும்பில் கணக்குகளோடு மாரடித்தார். 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது, 2022இல் மறைந்தார். தோட்டத்தை விட்டுத் தள்ளி நின்றதால்தான் அவரால் அப்படிப் பார்க்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். அந்தத் தூரம் அவருக்குப் பிழைப்பால் வந்தது. நமக்கு ஒரு நாளாவது வேண்டும். அதேபோல், சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. பாடியவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள், கேட்பதற்கென்று நின்றவர் அவரைப் போல ஒரு சிலர்தான்.

தனியாகப் போவது என்றால் ஆட்களை வெறுத்துப் போவதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், இரவு விளக்கை எரியவிட்டு எழுதினால் அடுத்தவர் தூக்கம் கெடும். எழுதுகிறவர்களில் பலர் பாட்டி தூங்கிய பிறகு குசினியில் குந்தியிருந்து எழுதுகிறார்கள். வீட்டுக்குள் தனி இடம் கிடைக்காதவருக்கு அந்த இடம் வெளியேதான் இருக்கிறது. ஸ்டேசன் பெஞ்சு, நூலகத்து மூலை, துன்ஹிந்தை அருவிக்கு இறங்கும் பாதை. ஆண்கள் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கிளம்பிவிடலாம். ஒரு பெண் கிளம்பினால் எங்கே, யாரோடு, ஏன் என்று லயம் முழுக்கக் கேட்கும். எங்களுக்குக் கவிதை அனுப்பும் ஒரு சகோதரி, கிளினிக்குக்குப் போன நாளில் மருந்து சீக்கிரம் கிடைத்துவிட, மிஞ்சிய இரண்டு மணி நேரத்தைப் பதுளை ஸ்டேசனில் இருந்து கழித்ததாக எழுதியிருந்தார். "அன்னைக்குத்தான் சேர், நான் யாருக்கும் தேத்தண்ணி ஊத்தாம இருந்தேன்" என்றொரு வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இந்த இதழில் வந்திருக்கும் அவருடைய கவிதை அந்த இரண்டு மணி நேரத்தில் எழுதியது. வாசித்துப் பாருங்கள். அதில் கூடையும் இல்லை, அட்டையும் இல்லை. பிளாட்பாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலைத் தானே பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் இருக்கும் ஆண்கள் அந்த நாளில் சோறாக்கி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தால், அதை இலக்கியத் தொண்டு என்றே இந்த இதழ் கணக்கில் வைக்கும்.

அடுத்த இதழில் எட்டுப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். தலைப்பு 'பேர் போடாத நாள்'. போயா நாளாகவும் இருக்கலாம், கைக்காசுக்குப் போகாத ஞாயிறாகவும் இருக்கலாம், கிளினிக்கில் மிஞ்சிய ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். தனியாகப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். கதையாக வராவிட்டாலும் குற்றமில்லை. எழுத்து வராதவர்கள் சொல்லுங்கள், பக்கத்து லயத்துப் பிள்ளை எழுதட்டும்.

அன்று இரவு திரும்பி வந்து, தூணைப் பற்றியும் எடை விதியைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் தள்ளிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "அந்தக் கல்ல மடுவத்துல நட்டுருக்கணும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள் பிரட்டுக்குப் போகாமல், காய்ச்சல் என்று தங்கச்சியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, தனியாக நடந்தே துன்ஹிந்தைக்குப் போன கதையைச் சொன்னார். அப்பாவுக்கும் தெரியாதாம். அருவிக்கு எதிரில் பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றாராம். புகை மாதிரி எழுந்த தூறல் ரொட்டியை நனைத்துவிட்டதாம். வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. பாத்துக்கிட்டிருந்தேன்."

எட்டுப் பக்கத்தில் முதல் பக்கம் அந்த நாளுக்கு. "எனக்கு எழுத வராது, நாஞ் சொல்றேன், நீ எழுது" என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்காரப் போகிறோம்.